மூன்று தோணிக் கல்

கடலுக்கடியில் கிடக்கும் பூந்தோட்டத்தைப் பார்க்க ஐந்து ரூபாய். விலை வைத்த வன்னியபெருமாள் சுண்ணாம்புக் காளவாசல்காரர். தோட்டத்தைக் கண்ணால் கண்டதில்லை. சங்கு குளிக்கிற பாஸ்கல் எப்போதோ வர்ணித்ததைக் கேட்டதுதான். ஏழரை சொல்லி ஐந்துக்கு இறங்கியிருந்தார். வாங்கியவர் மில்லர்புரத்தில் புது வீடு கட்டிக் குடியேறிய சயன்ஸ் வாத்தியார் கிருபாநிதி. பேரத்தில் அவர் லேசுப்பட்ட ஆளில்லை. பவளம் தெரியாவிட்டால் பணம் வாபஸ் என்று கையோடு எழுதி வாங்கியிருந்தார்.

உலகச் சண்டை ஓய்ந்த மறு வருடம், பங்குனி மாதம். வாத்தியார் தோணியின் முன்நுனியில் உட்கார்ந்திருந்தார். வான் தீவு நெருங்கும்போது பாஸ்கல் துடுப்பை நிறுத்திவிட்டு, பின்னால் இருந்த வன்னியபெருமாள் அண்ணாச்சியின் காதருகே குனிந்தான்.

“எந்த எடம் அண்ணாச்சி? தெக்கு ஓரமா?”

“ஆமாலே. மான்கொம்பு கணக்கா கெளை கெளையா நிக்கும்னியே, அங்கனதான்.”

“அதைப் போன ஆவணியிலயே பேத்தாச்சுல்லா! மூணு தோணி. கிட்ட உள்ள கல்லா எடுலே, தோணி வாடகை கொறையும்னு நீங்கதான சொன்னிய.”

 சுண்ணாம்பு சுடப் பவளக் கல்லைத் தோணிக் கணக்கில் வாங்கிக் காளவாசல் சூளையில் கொட்டிய வன்னியபெருமாள், அது எங்கே நின்ற கல் என்று ஒருநாளும் கேட்டதில்லை. ஐந்து ரூபாய் போனால் போகிறது. இல்லாத சரக்கை விற்றவன் என்று பஜாரில் பேச்சுக் கிளம்பினால் காளவாசல் பக்கம் எவன் வருவான்?

“வேற எடம் கெடையாதாலே?”

“இருக்கு. காத்து ஏறிட்டு. இனி அங்க போவ முடியாது.”

அதற்குள் கிருபாநிதி, அடியில் கண்ணாடி பதித்த மரப்பெட்டியைத் தண்ணீரில் அமுக்கி முகத்தை உள்ளே விட்டிருந்தார்.

“மணலுதான் தெரியுது அண்ணாச்சி.”

“நல்லா பாருங்க சார். கண்ணு பழகணும்லா.”

கண் பழகியும் மணல்தான். வாத்தியார் வேட்டியை அவிழ்த்து வைத்துவிட்டு அரைக்கால் சட்டையோடு குதித்தார். சொந்த ஊர் நாசரேத்துக் கிணறுகளில் முங்கிப் பழகிய மூச்சு. துண்டுக் கல் ஒன்றோடு எழும்பினார். கல்லில் நீளமாக ஒரு வெட்டு.

“இது என்ன?”

“ஐப்பசிப் புயலு சார்,” என்றார் வன்னியபெருமாள்.

“புயலு கடப்பாரை எடுத்துக்கிட்டா வந்துச்சு?”

பாஸ்கல் வானத்தில் எதையோ தேடினான். வன்னியபெருமாள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“நான்தான் எடுத்தேன் சார். சுட்டு வித்தாச்சு.”

“யாருக்கு?”

கணக்குப் பேரேடு வன்னியபெருமாளுக்கு மனப்பாடம். “உங்களுக்குத்தான். வீட்டுக்கு எட்டு வண்டி சுண்ணாம்பு. வண்டிக்கு ஒரு ரூவா கொறைச்சாத்தான் எடுப்பேன்னு ஒத்தக்கால்ல நின்னிய. அந்த வெலைக்கு நான் தூரத்துக் கல்லுக்கு எங்கன போவ?”

கிருபாநிதி கல்லை விரலால் தடவிக்கொண்டிருந்தார். பிறகு அதைத் தண்ணீரிலேயே போட்டார்.

கரை சேர்ந்ததும் வன்னியபெருமாள் ஐந்து ரூபாயை நீட்டினார். வாத்தியார் இரண்டரையை மட்டும் எடுத்துக்கொண்டார்.

“மீதி எங்க வீட்டுச் சுவத்துல இருக்கு. வெளிய சொல்லாதிய.”

“நானா சொல்லுவேன்?”

காளவாசலுக்குத் திரும்பிய வன்னியபெருமாள் பேரேட்டை எடுத்தார். வரவு இரண்டரை ரூபாய். பாஸ்கல் கூலி இரண்டு. மிச்சம் எட்டணா. மூடப் போனவர், மறுபடி பேனாவை மையில் தொட்டு எழுதினார்: கடல் கணக்கு. எடுத்தது மூன்று தோணி. திருப்பியது ஒரு துண்டு. பாக்கி நிற்கிறது.