பேச நேரமெடுத்த மடிக்கணினி

தொண்டையில் அறுவை சிகிச்சை ஆனதிலிருந்து அறிவிப்பாளருக்குக் குரல் இல்லை. இருபத்திரண்டு வருடம் பேருந்து நிலையத்தில் மைக் பிடித்த மனிதர். வீட்டிலும் அவருக்கு வாய் ஓயாது. எதிரில் இருப்பவர் சொல்லி முடிப்பதற்குள் ஒரு பதிலை எடுத்து வீசி, சிரிக்க வைத்துவிட்டுத்தான் மறுவேலை. குரல் போன பிறகு கைகொடுத்தது அவருடைய பழைய மடிக்கணினிதான். அவர் தட்டச்சு செய்வதை அது வாய்விட்டுப் படிக்கும். ஒரு வருடம் இப்படியே பேச்சு ஓடியது.

பிறகு கணினிக்குப் பெரிய அப்டேட் ஒன்று வந்தது. அன்றோடு அது படுத்துவிட்டது. காலையில் அதை ஆன் செய்துவிட்டு, அவர் மனைவி தான் ஓட்டும் பள்ளி வேனைக் கழுவித் துடைத்துவிட்டு வந்தாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டேயிருக்கும். தட்டிய வாக்கியம் குரலாகி வெளியே வர ஒன்றரை நிமிடம் ஆனது. ஒவ்வொரு பதிலுக்கும் காத்திருந்தே மனைவியின் டீ ஆறிப்போகும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய தங்கை வந்திருந்தாள். மீட்டிங்கில் எல்லாம் தூங்கி வழியும் தன் மேலதிகாரியைக் குடோனுக்கு மாற்றிவிட்டார்கள் என்று சொல்லிச் சிரித்தாள். அண்ணன் விறுவிறுவென்று ஏதோ தட்டினார். கணினி மூச்சு விடவில்லை. அதற்குள் பேச்சு எங்கெங்கோ போய், பக்கத்து வீட்டுப் பெரியவர் இறந்துபோனதை அவள் கண்கலங்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்போது பார்த்து கணினி வாய் திறந்தது.

"அப்பாடா, இனிமேலாவது அந்த மனுஷன் ஆசை தீரத் தூங்கட்டும்."

தங்கையின் முகம் சுண்டிப்போனது. அவர் கையை ஆட்டி ஆட்டி விளக்கப் பார்த்தார். அவள் பரவாயில்லை என்று சொல்லிவிட்டு முன்னதாகவே கிளம்பிவிட்டாள். அன்று மூடிய மடிக்கணினியை அவர் பிறகு திறக்கவே இல்லை. 'காபி', 'சரி', 'வேண்டாம்' என்று துண்டுத்தாளில் எழுதிக் காட்டுவதோடு சரி.

கல்யாணம் ஆன நாளிலிருந்து கொஞ்சம் வாயை மூடுங்களேன் என்று கெஞ்சிக்கொண்டிருந்தவள்தான் மனைவி. இப்போது அந்த அமைதியை அவளால் தாங்க முடியவில்லை. புதுக் கணினி வாங்கவும் அப்போதைக்கு வழியில்லை. பழையதைத் தூக்கிக்கொண்டு ரிப்பேர் கடைக்குப் போனாள். கடைக்காரம்மா அதைப் பிரித்துத் தூசி தட்டி, அரைமணி நேரம் பார்த்தார்.

"மெஷின்ல கோளாறு ஒண்ணும் இல்லக்கா. பதினோரு வருஷத்து மெஷின் தலையில இந்தக் காலத்துச் சுமையை ஏத்தி வெச்சிருக்காங்க. அதான் மூச்சு வாங்குது."

இந்த மாதிரி பழைய கணினிகளுக்கென்றே லேசான ஆப்பரேட்டிங் சிஸ்டம் இருக்கிறது, அதை இலவசமாகவே போடலாம் என்றார். அவளுக்கு ஒரு பயம். ஒரு விசையை அழுத்தினால் பேசும்படி அவர் சேர்த்து வைத்திருந்த எண்ணூறு வாக்கியங்களும் அழிந்துபோனால்? கடைக்காரம்மா முதல் வேலையாக அவற்றைத் தனியே பிரதி எடுத்தார். பிறகு புது சிஸ்டத்தையும், படித்துக்காட்டும் குரலையும், அந்த வாக்கியங்களையும் ஒரு பென்டிரைவில் ஏற்றித் தந்தார். அதிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம், உள்ளே இருப்பது எதுவும் தொலையாது, பிடித்திருந்தால் நிரந்தரமாகப் போட்டுக்கொள்ளலாம் என்றார்.

மதியம் வேனுக்கு வேலையில்லாத நேரத்தில் அவரை இழுத்துப் பிடித்து உட்கார வைத்தாள். கணினி ஒரு நிமிடத்துக்குள் எழுந்துகொண்டது. அவர் புருவத்தை உயர்த்தினார். ஒரு வரி தட்டினார். எழுத்து உடனுக்குடன் விழுந்தது. ஆனால் சத்தம் வரவில்லை. மறுபடி தட்டினார். அப்போதும் இல்லை. அவர் மூடியைச் சாத்தப் போனார். அவள் குறுக்கே கையை வைத்துத் தடுத்துக்கொண்டே கடைக்குப் போன் போட்டாள்.

"சத்தம் டிவி வயர் வழியா போற மாதிரி இருக்கும்கா. சவுண்ட் செட்டிங்ல ஸ்பீக்கர்னு மாத்துங்க, சரியாயிடும்."

மாற்றினாள். அவர் அரைமனதோடு ஒரு விசையை அழுத்தினார். "சொல்றது கேக்குதா?" என்றது கணினி.

கேட்டது. ஆனால் பழைய கனத்த குரல் இல்லை, ஜலதோஷம் பிடித்தது போல ஒரு கீச்சுக்குரல்.

"என்னங்க, குரலே மாறிடுச்சே" என்றாள்.

அவர் விரல்கள் ஓடின. அவள் வாய் மூடுவதற்குள் பதில் வந்தது.

"ரெண்டாவது தடவையா மகரக்கட்டு உடைஞ்சிருக்கு. இனி புதுசா மீசை முளைக்கும் பாரு."

அவள் சிரித்தாள். சிரிப்போடு சிரிப்பாகக் கண்ணில் தண்ணீர் கொட்டியது; முந்தானையால் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தாள். அவர் அவளையே பார்த்தபடி மேஜையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு அவராகவே தங்கைக்குப் போன் போடச் சொன்னார். அன்று தான் சொன்னது அவளுடைய ஆபீசரைப் பற்றித்தான் என்று கணினியை விட்டுச் சொல்ல வைத்தார்.

"பஸ் ஏறினதுமே புரிஞ்சுதுண்ணா. போன் பண்ணினா நீ தலையைத்தான் ஆட்டுவேன்னு விட்டுட்டேன்."

அடுத்த சனிக்கிழமை புது சிஸ்டத்தை நிரந்தரமாகவே போட்டுவிட இருவரும் கடைக்குப் போனார்கள். வேலை முடிந்து, சோதித்துப் பாருங்கள் என்று கடைக்காரம்மா கணினியை அவர் பக்கம் நகர்த்தியதுதான் தாமதம், அவர் ஆரம்பித்துவிட்டார். ரிப்பேருக்கு வந்திருந்த இரண்டு பேர் தங்கள் வேலையை மறந்து சுற்றி நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். மனைவி அவரை அவசரப்படுத்தவில்லை. கடை வாசல் ஸ்டூலில் உட்கார்ந்து, பல மாதங்களுக்குப் பிறகு ஒரு டீயைச் சூடு ஆறுவதற்குள் குடித்து முடித்தாள்.