உன்னிச்சைக்கு வந்த ஐஸ் பெட்டி

யுத்தம் முடிந்து உன்னிச்சைக்குத் திரும்பிய சனமெல்லாம் தகரமும் கிடுகுமாக வந்திறங்க, கேதீஸ்வரி மட்டும் உழவு மெசினில் ஐஸ் பெட்டியை ஏற்றிக்கொண்டு வந்தாள். ஊரில் ஒரு கரண்ட் கம்பம்கூட இல்லை. புருசன் அருமைநாயகத்துக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"விளக்குக்கே வழியில்லாத ஊருக்கு ஐஸ் பெட்டியாம். ஊரே சிரிக்குதுகா."

"சிரிக்கட்டும். கரண்ட் ஒரு நாளைக்கு வரும்தானே."

அது லேசுப்பட்ட பெட்டியல்ல. சுனாமியில், கடற்கரைக் கல்லடியில் இருந்த அவளுடைய அக்கா வீட்டிலிருந்து மிதந்துபோய்த் தாழம்பற்றையில் தட்டி நின்றது. மோட்டரை மாற்றி உயிர்கொடுத்தார்கள். இடம்பெயர்ந்து அக்காவிடம் கிடந்த காலத்தில், அதில் இனிப்புத் தண்ணியைச் சின்னப் பைகளில் உறையவைத்து ஐஸ் பக்கற் போட்டு விற்றுத்தான் கேதீஸ்வரி யாரிடமும் கையேந்தாமல் சீவித்தாள். புறப்படும்போது அக்கா பெட்டியை அவளுக்கே கொடுத்துவிட்டாள். சொந்த ஊரிலும் தன் காலில் நிற்கலாம் என்ற அவளுடைய நம்பிக்கையெல்லாம் அதில்தான் இருந்தது.

கரண்ட் இல்லாமல் மூடிக்கிடந்தால் பூஞ்சணம் பிடித்து நாறிவிடும் என்று, மூடியிடுக்கில் தேங்காய் மட்டையொன்றைச் செருகிக் காற்றுப் போக வைத்திருந்தாள். அந்த இடுக்கால் ஒரு கோழி உள்ளே போய் முட்டையிட்டது. அருமைநாயகம் அதையும் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தான்.

மாரி விதைப்புக்கு முன் கல்லடியில் ஒரு கலியாணம் வந்தது. வீட்டைப் பூட்டிவிட்டுப் போனால் விதைநெல்லை யார் பார்ப்பது? உள்ளே எலி, வெளியே யானை.

"பெட்டிக்குள்ள போட்டு இறுக்கி மூடுவம்," என்றான் அருமைநாயகம்.

"மூடினா நாறிப் போயிரும். மறுகா ஆரு அதுல ஐஸ் வாங்குவா?"

"விதைநெல் போனா இந்த வருசமும் வயல்வட்டை தரிசுதான்."

கேதீஸ்வரிக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆனாலும் நெல்லை இன்னொரு வெயில் காயவைத்து, பல்லில் கடித்துப் பார்த்து, ஈரம் பிடிக்காமல் அடியில் சிரட்டைக்கரி பரப்பி, மூட்டைகளை இறக்கி மூடினாள். மேலே பழைய சேலையொன்றைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள்.

திரும்பி வந்தபோது அடுப்படிக் குசினிச் சுவர் இல்லை. சாப்பாட்டுக்கு வைத்த நெல்லை யானை ஒரு மணி விடாமல் தின்றுவிட்டுப் போயிருந்தது. பெட்டி ஒரு பக்கம் நெளிந்து சரிந்து கிடந்தது. கேதீஸ்வரி தலையில் கைவைத்துக் குந்திவிட்டாள். அருமைநாயகம் பெட்டியை நிமிர்த்திச் சேலையை அவிழ்த்தான். விதைநெல் வைத்தது வைத்தபடி இருந்தது. விதைப்பு முடிந்ததும் தேங்காய் மட்டையைத் தானே தேடியெடுத்து மூடியிடுக்கில் செருகினான். அதற்குப் பிறகு கோழியைக் கண்டால் அவன்தான் கம்பெடுத்துத் துரத்தினான்.

பிறகொரு நாள் கரண்டும் வந்தது. யானை புரட்டிய பெட்டி இனி ஓடுமா என்று யாருக்குத் தெரியும்? கழுவித் துடைத்து, கண்ணை மூடிக்கொண்டு சுவிச்சைப் போட்டாள். முதலில் ஒரு சத்தமும் இல்லை. பிறகு பெட்டி ஒரு உதறு உதறிவிட்டு இரையத் தொடங்கியது. கேதீஸ்வரி விக்கி விக்கி அழுதாள்.

கோயில் திருவிழாவுக்கென்று பெட்டி நிறைய ஐஸ் பக்கற் போட்டாள். எல்லாம் கல்லாக இறுகிக் கிடந்த நேரம், பட்டப்பகலில் கரண்ட் நின்றது. கிணற்றடியிலிருந்து அவள் பதறி ஓடிவந்தாள். வீட்டிலிருந்த நெற்சாக்குகளையெல்லாம் பெட்டிமேல் போர்த்தி, அதற்குமேல் அருமைநாயகம் ஏறி உட்கார்ந்திருந்தான். பக்கத்து வீட்டுக் கனகசிங்கம் ஒரேயொரு பக்கற்றுக்காகக் கெஞ்சிக்கொண்டு நின்றான்.

"திறக்க ஏலா. குளிர் போயிரும். கரண்ட் வந்த மறுகா வா."

கேதீஸ்வரிக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"இறங்குங்க, சோறு தின்ன வாங்க."

"சோத்த இஞ்ச கொண்டு வாகா," என்றான் அவன்.