நாறினால்தான் பெயர்

கள்ளிமுளையானில் இரண்டு வகை உண்டு. இரண்டுமே இலையில்லாமல், விரல் தடிமனில், பாறை இடுக்கில் நிற்கும். இரண்டுமே இப்போது தேடினால்தான் கிடைக்கும். ஒன்று சாதா, ஊரார் உப்பு தொட்டுப் பச்சையாகத் தின்பது; அதற்குத் தண்டோரமாக ஒற்றை ஒற்றையாய்ப் பூ வரும். மற்றதற்கு நுனியில் உருண்டையாய்க் கொத்துப் பூ, பூத்தால் பிணவாடை; அதை யாரும் வாயில் வைப்பதில்லை. பூ வராதவரை, அதுவும் ஆடு கடித்து மிச்சம் வைத்த கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, எது எதுவென்று அடித்துச் சொல்லத் தனித் தைரியம் வேண்டும்.

சத்யபிரியாவுக்கு அது கிடையாது. பூட்டிய கதவை மூன்று முறை இழுத்துப் பார்க்கிறவள் அவள். இருந்தும், சேலத்தில் மாலை நேரத் தாவரவியல் வகுப்பில், சேந்தமங்கலம் பாறைக் கரட்டிலிருந்து கொண்டுவந்த இரண்டு கட்டைகளில் தடித்ததைக் காட்டி, “இது கொத்து” என்று சொல்லிவிட்டாள். வாய் எப்படித் திறந்தது என்று அவளுக்கே விளங்கவில்லை.

பகலில் லாரிப் பட்டறையில் வேலை பார்க்கும் குணசீலன் பின்பெஞ்சிலிருந்து சிரித்தான். “ரெண்டும் சாதாதான் புள்ள. ஒண்ணு மழைத்தண்ணியக் கொஞ்சம் ஜாஸ்தி குடிச்சு ஊதிக் கெடக்குது. பந்தயம் கட்டிக்கலாமா? தோத்தவங்க சாதாவ எல்லாரு முன்னாலயும் பச்சையாத் திங்கோணும்.”

ஆசிரியர் நவநீதகிருஷ்ணன் தடுக்கவில்லை. “பூக்கட்டும், பாக்கலாம்” என்றார்.

ராசிபுரத்தில் அவள் வீட்டின் முன்பக்கம் அப்பா மணியனின் முட்டைக்கடை. முட்டை அறை ஜன்னலில்தான் நல்ல வெயில். இரண்டு தொட்டிகளையும் அங்கே வைத்து, தினமும் காலையில் நூல் சுற்றி அளந்தாள். தண்ணீர் ஊற்ற ஊற்ற மெலிந்தது பருத்தது. ஒருநாள் இரண்டும் ஒரே அளவு வந்தன. அன்றே குணசீலனுக்குப் போன் செய்து, “நீ சொன்னதுதான் சரி போல” என்று ஒத்துக்கொண்டாள். அவன் அதை வகுப்பு முழுக்கப் பரப்பினான். அவமானத்தில் அவள் ஜன்னல் பக்கம் போவதையே விட்டுவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடு நாறியது.

“எலி எங்கியோ செத்துக் கெடக்குது” என்றார் மணியன்.

“எலியெல்லாம் இல்லீங்க. மொதல்ல உங்க முட்டையப் பாருங்க” என்றாள் அம்மா சௌந்திரம்.

அந்த வீட்டில் அதைவிடப் பெரிய வசவு இல்லை. போதாக்குறைக்கு, முட்டை வாங்க வந்த எதிர்வீட்டுச் சித்ரா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, “இன்னைக்கு வேண்டாங்கண்ணா, தக்காளி வெச்சே ஒப்பேத்திக்கறேன்” என்று திரும்பிப் போனாள். மணியன் கடையை மூடிவிட்டு ஒவ்வொரு முட்டையாக எடுத்துக் காட்ட, சத்யபிரியா செல்போன் வெளிச்சம் பிடித்தாள். ஒன்றுகூடக் கெடவில்லை. மணியனுக்கு அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

ஜன்னலோரக் கடைசி அட்டைக்கு வந்தபோது ஈக்கள் மொய்த்தன. முட்டையில் அல்ல. முதலில் தடித்திருந்த கட்டையின் நுனியில், கருஞ்சிவப்பாய், உருண்டையாய், கொத்து.

“அப்பா, முட்டையில்லீங்க. பூவுங்க.”

மணியன் குனிந்து மோந்தார். கண்ணில் நீர் வந்தது, பாதி நாற்றத்தால். தொட்டியைத் தூக்கிக் கடை மேசையில் வைத்து, சித்ராவையும் கூப்பிட்டு, வந்தவர் போனவர் எல்லோரையும், “மோந்து பாத்துட்டுப் போங்க, நம்ம முட்டைமேல பழி வேண்டாம்” என்று நிறுத்திவைத்தார்.

சத்யபிரியா குணசீலனுக்குப் போன் செய்தாள்.

“அதுதான் நீயே சாதான்னு ஒத்துக்கிட்டியே. பந்தயம் முடிஞ்சுது” என்றான் அவன்.

அவள் விடவில்லை. “மொதல்ல நீ தப்பு. அப்புறம் நான் தப்பு. ஆளுக்குப் பாதி.”

மறுநாள் மாலை இரண்டு தொட்டிகளோடும் அவள் ஏறிய சேலம் பேருந்தில் நடத்துநர், “கருவாட்டுக் கூடை யாருது?” என்று கேட்டுக்கொண்டே வந்தார். வகுப்பில் ஜன்னலெல்லாம் திறக்கப்பட்டது. மற்றத் தொட்டியிலிருந்து ஒரு கணு ஒடித்து, கழுவி, உப்பு தொட்டு இருவரும் வாயில் போட்டார்கள். லேசான புளிப்பு, பின்னால் கசப்பு.

குணசீலன் மெல்லுவதை நிறுத்தினான். “ஏம்புள்ள, இது இன்னும் பூக்கவே இல்லியே. சாதாதானா?”

வகுப்பு அவளைப் பார்த்தது. நவநீதகிருஷ்ணன் வாயைத் திறந்தார். “பூக்கட்டும்” என்று சொல்லத்தான்.

“சாதாதான்” என்றாள் சத்யபிரியா, அவரை முந்திக்கொண்டு. சொன்ன கையோடு விழுங்கியும்விட்டாள். இனி மாற்றிச் சொல்ல வழியில்லை.