எதுவரைக்கும் பார்த்திருக்கிறீர்கள்?

கப்பல் மருத்துவர் செத்துப்போனாளா இல்லையா என்பது லிஃப்ட்காரருக்கு நாலைந்து நாளாகப் பிடிபடவில்லை. மூன்றாம் பாகத்தில் செத்துவிட்டாள் என்று ஒரு வரி. நாலாம் பாகத்தில் அவளே இன்னொருத்தர் காலுக்குக் கட்டுப் போடுகிறாள். அதற்கும் கீழே, அவள் பிறக்கவே இல்லை என்று சிவப்பு எழுத்தில் ஒரு குறிப்பு. பத்து மாடிக் கட்டடத்தின் உச்சியில், லிஃப்டின் மோட்டார் அறையில், கவிழ்த்துப்போட்ட பெயின்ட் வாளிமேல் உட்கார்ந்துகொண்டு, சாப்பாட்டு டப்பாவை மூடி ஓரமாக நகர்த்திவிட்டு, கண்ணாடியை மூக்கில் ஏற்றியும் இறக்கியும் பார்த்தார். செத்தவள் செத்தவளாக இருக்க வேண்டாமா? இதென்ன கூத்து!

அந்த அறையில் அவருக்குப் புரியாதது என்று ஒன்றும் கிடையாது. சக்கரம் லேசாக முனகினாலே போதும், எந்த மாடியில் எந்தக் கதவு மக்கர் பண்ணுகிறது என்று சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்ட மனுஷரை உள்ளங்கை அகலப் போன் ஒன்று திருதிருவென்று முழிக்க வைத்துக்கொண்டிருந்தது. விண்வெளியில் வழி தவறிப்போன ஒரு கப்பல். அதில் கொஞ்சம் ஆட்கள். அவ்வப்போது காலமே தலைகுப்புறப் புரண்டுவிடும். புரண்டால் செத்தவர்கள் எழுந்து வருவார்கள், நேற்றுவரை இருந்தவர்கள் இல்லாமல் போவார்கள். 'எட்டாவது துறை' என்று அந்தத் தொடருக்குப் பெயர். அதன்மேல் பித்துப் பிடித்தவர்கள் ஒன்றுகூடி, சம்பளம் கிம்பளம் எதுவும் இல்லாமல், கப்பலில் இருக்கிற ஆளுக்கொரு பக்கம், கதவுக்கொரு பக்கம் என்று எழுதிக் குவித்து நடத்துகிற வலைத்தளம்தான் அவர் கையில் இருந்தது.

அவர் அந்தத் தொடரில் ஒரு அத்தியாயம்கூடப் பார்த்தவரில்லை. பார்த்தவள் அவருடைய மகள். போன வருஷம் வீட்டுக்கு வந்திருந்த தங்கை குடும்பத்தின் முன்னால், "இந்த வயசுலயும் பொம்மைக் கப்பல் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கா. இவளுக்கெல்லாம் எப்ப புத்தி வரப்போவுது" என்று சிரித்துக்கொண்டே சொல்லித் தொலைத்தார். எல்லாரும் சிரித்தார்கள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வைத்தாள். அடுத்த மாதமே வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அதன்பிறகு போன் வருவதெல்லாம் அம்மாவுக்குத்தான். "அப்பாகிட்ட குடுக்கட்டுமா?" என்று மனைவி கேட்பது அவர் காதில் விழும். "வேணாம்மா, அவரு வேலையா இருப்பாரு." அந்த நேரத்தில் அவர் இரண்டடி தள்ளி நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு வேலையும் இல்லாமல், கால் நகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

வருகிற வாரம் மனைவி மகளைப் பார்க்கப் போகிறாள். பெட்டி பாதி கட்டியாகிவிட்டது.

"நானும் வரட்டுமான்னு கேட்டுப் பாரேன்."

"நான் எதுக்குக் கேக்கணும்? ஊரையே நக்கல் பண்ற வாய் உங்களுக்கு இருக்கில்ல, அதால நீங்களே கேளுங்க."

அப்புறம் மனசு கேட்காமல் அவளே ஒரு சேதி சொன்னாள். மகள் அந்தத் தொடருக்கான வலைத்தளத்தில் புதிதாக வருகிறவர்களுக்கு வழி காட்டுகிறாளாம். எதை எங்கே தேடுவது, எதை அமுக்குவது என்று ஒவ்வொருவருக்கும் அத்தனை பொறுமையாகச் சொல்லிக் கொடுக்கிறாளாம். "பொறுமையாவா? நம்ம வீட்டுப் பிள்ளையா?" என்றார். மனைவி நிமிர்ந்து பார்த்தாள். பார்த்த பார்வையே போதுமானதாக இருந்தது. அன்றைக்குத்தான் அவர் தலையில் இந்த யோசனை உதித்தது. யாரோ ஒரு வழிப்போக்கன்போல உள்ளே நுழைவது. உதவி செய்கிறவர்களில் மகள் யார் என்று கண்டுபிடிப்பது. நாலு வார்த்தை பேசிப் பழகி, அவள் கொஞ்சம் இளகினதும், வரலாமா என்று கேட்டுவிடுவது.

உள்ளே நுழைந்ததுமே தளம் அவரை ஒரு கேள்வி கேட்டது: எதுவரைக்கும் பார்த்திருக்கிறீர்கள்? கீழே ஒரு நீளக் கோடு, அதில் விரலால் நகர்த்துகிற சுவிட்ச் ஒன்று. எந்த அத்தியாயத்தில் அதை நிறுத்துகிறோமோ, அதற்குப் பிறகு நடப்பதையெல்லாம் தளம் மறைத்துவிடும். பார்க்காதவர்களுக்குக் கதை உடைந்துவிடக் கூடாதாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் நம் ஆளுக்கு, ஒன்றும் தெரியாதவன் என்று எவனாவது நினைத்துவிட்டால் என்ன ஆவது? சுவிட்சைப் பிடித்து ஒரே இழுப்பாகக் கடைசிவரைக்கும் இழுத்து விட்டார். அங்கேதான் வந்தது வினை. ஏழு பாகத்துக் குழப்பமும் மொத்தமாக அவர் தலையில் கொட்டியது.

உதவிப் பக்கத்தில் அவர் எழுதின முதல் கேள்வி இது. "பொருள்: கப்பல் மருத்துவர் இறப்பு சம்பந்தமாக. மேற்படி மருத்துவர் மூன்றாம் பாகத்தில் இறந்ததாகவும், நான்காம் பாகத்தில் பணியில் இருப்பதாகவும் காணப்படுகிறது. எது சரி என்று தெரிவிக்கவும்." அவருக்கு எழுதத் தெரிந்ததே அந்த ஒரு விதம்தான். கம்பெனிக்குப் பழுது அறிக்கை எழுதினாலும் சரி, மகள் பள்ளிக்கூடத்துக்கு லீவு லெட்டர் எழுதினாலும் சரி, "பொருள்" போடாமல் அவர் பேனா நகராது.

இரண்டு பேர் பதில் சொன்னார்கள். அங்கே யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது, எல்லாம் புனைபெயர்தான். 'நிலாத்தூசி' என்கிற பெயரிலிருந்து வந்த பதில் தேனாய் இனித்தது. "வாங்க வாங்க! நல்ல கேள்வி கேட்டீங்க. ரெண்டுமே சரிதான். முதல் காலத்துல இறந்துட்டாங்க, புரண்ட காலத்துல இருக்காங்க. அவசரமே இல்ல, மெதுவாப் படிங்க." அதன் அடியிலேயே 'ஆறாம் கதவு' என்று இன்னொன்று. "மேல எழுதியிருக்கறத முதல்ல படிச்சீங்களா? தொடரப் பாக்காம பக்கத்தப் படிச்சா இப்படித்தான்."

ஆறாம் கதவு எவனோ சிடுமூஞ்சி என்று அவர் முடிவுகட்டினார். வீட்டில் பெண்டாட்டியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்து இங்கே நம்மிடம் காட்டுகிறான். மகள் நிலாத்தூசிதான், சந்தேகமே இல்லை. அப்புறமென்ன, சாப்பாட்டு இடைவேளை எல்லாம் நிலாத்தூசிக்கே என்று ஆயிற்று. கப்பலின் கதவுகள் ஏன் தானாகத் திறக்கின்றன என்று கேட்டார். சென்சார் இல்லாமல் எப்படி என்று உண்மையிலேயே கவலைப்பட்டார். நிலாத்தூசி ஒவ்வொன்றுக்கும் சிரிக்கச் சிரிக்கப் பதில் சொன்னது. நடுவில் ஆறாம் கதவு மூக்கை நுழைக்கும்: "சுவிட்ச முதலுக்குத் திருப்புங்கன்னு எத்தன தடவ சொல்றது? சொன்னாக் கேக்கற பழக்கமே கெடையாதா?" போடா உன் வேலையைப் பார்த்துக்கொண்டு என்று முனகிவிட்டு, நிலாத்தூசி எழுதினதை மறுபடி முதலிலிருந்து படிப்பார். இவ்வளவு இதமாகப் பேசுகிற பிள்ளையையா நாலு பேர் முன்னால் அப்படிச் சொன்னோம் என்று தன்னையே நொந்துகொள்வார்.

இன்றைக்குத் துணிந்துவிட்டார். மருத்துவர் பிறந்தாளா செத்தாளா என்பதை ஒதுக்கி வைத்துவிட்டு, நிலாத்தூசிக்கு ஒரே ஒரு வரி எழுதினார். "பொருள்: உணவு சம்பந்தமாக. சாப்பிட்டாயிற்றா?"

பதில் உடனே வந்தது. "ஆச்சு சார், கேட்டதுக்கு சந்தோஷம். பேரனுக்கு ஊட்டி முடிக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுது. ரிட்டையராகி வீட்டுல இருக்கறதுக்கு அந்த ஸ்டேஷன் மாஸ்டர் வேலையே தேவலாம்னு தோணுது!"

படித்தார். மறுபடியும் படித்தார். பேரனா? ஒரு கணம், தனக்குத் தெரியாமல் மகள் வாழ்க்கையில் என்னவெல்லாமோ நடந்துவிட்டது என்று பதறிப்போனார். அப்புறம்தான் ஸ்டேஷன் மாஸ்டர் மண்டையில் ஏறினார். அட கடவுளே! இத்தனை நாளாக எவனோ ஒரு ரயில்வே கிழவனிடம் உருகி உருகிப் பேசிக்கொண்டிருந்திருக்கிறேனா! வெட்கமாக இருந்தது. சிரிப்பும் வந்தது. அப்படியானால் மகள் எங்கே?

யோசிக்க நேரமில்லை. அபாய மணி அலறியது. நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவே லிஃப்ட் நின்றுவிட்டிருந்தது. பேசும் கருவியை அமுக்கினார். உள்ளே ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள்.

"பதறாதீங்கம்மா. காத்து நல்லா வரும். லிஃப்ட் எங்கயும் போயிடாது. கதவ மட்டும் தள்ளாதீங்க. நான் இங்கதான் இருக்கேன்."

அழுகை விசும்பலாயிற்று. மெயினை அணைத்தார். பிரேக்கை விடுவித்து, சக்கரத்தைக் கையாலேயே கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி லிஃப்டை மாடி மட்டத்துக்குக் கொண்டுவந்தார். சுற்றச் சுற்ற, "இதோ வந்தாச்சு, இன்னும் ஒரு ஜாண்தான்" என்று பேசிக்கொண்டே இருந்தார். பிறகு படியிறங்கி ஓடிச் சாவி போட்டுக் கதவைத் திறந்தார். அந்தப் பெண் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எவ்வளவு தன்மையாப் பேசறீங்க! உங்க வீட்டுல இருக்கறவங்க குடுத்து வெச்சவங்க" என்றாள். அவருக்குச் சுருக்கென்றது. தலையை ஆட்டிவிட்டு மாடியேறி மெயினைப் போட்டார்.

வாளிமேல் மறுபடி உட்கார்ந்து போனை எடுத்தபோது எண்ணெய்ப் பிசுக்கில் விரல் வழுக்கியது. பக்கம் தலைகீழாக ஓடி எங்கேயோ மேலே போய் நின்றது. அங்கே வேறு யார் யாருடைய கேள்விகளோ இருந்தன. அந்தப் பக்கத்தில் தன் கேள்விகள் மட்டும்தான் இருக்கும் என்று இத்தனை நாளாக நினைத்திருந்தார் அவர். யாரோ ஒருவர் எதையோ அமுக்கி ஒரு பக்கம் முழுக்க அழிந்துவிட்டது என்று பதறிப்போய் எழுதியிருந்தார். கீழே ஆறாம் கதவின் பதில்.

"பதறாதீங்க. பக்கம் எங்கயும் போயிடாது, திரும்ப எடுத்துடலாம். வேற எதையும் அமுக்காம இருங்க, அது போதும். நான் இங்கதான் இருக்கேன்."

லிஃப்ட்காரர் போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுவந்தார். இன்னும் மேலே தள்ளிப் பார்த்தார். தேடுகிற இடம் எங்கே என்று தெரியாத ஒருவர். சுவிட்சைத் தவறாக நகர்த்தி, பிடித்த ஆள் சாகப்போவதைத் தெரிந்துகொண்டு அழுத ஒருவர். ஒருத்தர் விடாமல் எல்லாருக்கும் ஆறாம் கதவு பூப்போலப் பதில் சொல்லியிருந்தது. அந்தச் சிடுமூஞ்சி முகம் எங்கேயும் இல்லை. அத்தனை பேரில் கடுகடுவென்று பேசியிருந்தது ஒரே ஒருத்தரிடம்தான். பொருள் போட்டு எழுதுகிற ஒருத்தரிடம்.

பள்ளிக்கூடம் இல்லாத நாளில் அவசரம் என்று அழைப்பு வந்தால் சின்னவளாக இருந்த மகளையும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். இந்த மாதிரி ஒரு வாளிமேல் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களிடம் அவர் பேசுவதைக் கேட்பாள் என்று அவர் நினைத்ததே இல்லை. முதல் "பொருள்" விழுந்த அன்றைக்கே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் போகச் சொல்லவில்லை, ஒவ்வொரு நாளும் வந்து ஒரு திட்டுத் திட்டிவிட்டுப் போயிருக்கிறாள். ஊருக்கெல்லாம் தேன், அப்பனுக்கு மட்டும் மிளகாய். இதைக் கோபம் என்று எடுத்துக்கொள்வதா, உரிமை என்று எடுத்துக்கொள்வதா? மருத்துவர் விவகாரத்தைவிட இது பெரிய சிக்கலாக இருந்தது. அவருக்கு அழவேண்டும்போலவும், யாரையாவது கூப்பிட்டுச் சொல்லிப் பீற்றிக்கொள்ளவேண்டும்போலவும் இருந்தது.

கையைத் துணியில் துடைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தார். முதலில் "பொருள்" போடாமல் எழுதிப் பார்த்தார். ஒரு வார்த்தையும் ஓடவில்லை.

"பொருள்: தவறான தகவல் தந்தது சம்பந்தமாக. நான் இந்தத் தொடரில் ஒரு அத்தியாயமும் பார்த்ததில்லை. முழுவதும் பார்த்ததாகக் காட்டியது பொய். பார்க்காமலே பொம்மைக் கப்பல் என்று நாலு பேர் முன்னால் சொன்னதும் தப்பு. முதலிலிருந்து பார்க்க ஆசைப்படுகிறேன். தனியாகப் பார்த்தால் எனக்கு விளங்காது. ஆகவே அடுத்த வாரம் வரலாமா என்று தெரிவிக்கவும்."

நிலாத்தூசிதான் முந்திக்கொண்டார். "எங்க சார் வர்றீங்க? யாரைப் பாக்க? எனக்கு ஒண்ணுமே புரியலையே!"

ஆறாம் கதவிடமிருந்து ஒன்றும் வரவில்லை. லிஃப்ட் கீழே போயிற்று. மேலே வந்தது. யாரோ எட்டாம் மாடியில் ஏறி ரெண்டாம் மாடியில் இறங்கினார்கள். சக்கரம் நின்றது. சாப்பாட்டு டப்பாவைப் பைக்குள் வைத்தார், எதற்கென்று தெரியாமல் வெளியே எடுத்தார், மறுபடி உள்ளே வைத்தார். இப்படி எல்லாரும் பார்க்க எழுதியிருக்கக் கூடாதோ? அவளை மறுபடியும் நாலு பேர் முன்னால் நிறுத்திவிட்டோமோ? அழித்துவிடலாம் என்றால் எதை அமுக்கினால் அழியும் என்பது தெரியவில்லை.

போன் அதிர்ந்தது.

"இங்க டிவி சின்னது. கீழ ஓடற எழுத்து இன்னும் பொடிசு. தூரத்துக் கண்ணாடிய வீட்டுலயே விட்டுட்டு வந்து, என்ன போட்டிருக்கான் என்ன போட்டிருக்கான்னு நச்சரிக்கக் கூடாது. நடுவுல பேசவும் கூடாது. இப்பவாவது அந்த சுவிட்சத் திருப்புங்க."

லிஃப்ட்காரர் மருத்துவரின் பக்கத்துக்குப் போனார். சுவிட்சின்மேல் விரலை வைத்து, அவசரப்படாமல், லிஃப்டை மாடி மட்டத்துக்குக் கொண்டுவருகிற நிதானத்தோடு பின்னால் இழுத்தார். ஏழாம் பாகம் அழிந்தது. ஆறாம் பாகம் அழிந்தது. பிறக்கவே இல்லை என்ற சிவப்பு எழுத்து போயிற்று. கட்டுப் போட்டது போயிற்று. செத்தது போயிற்று. அவர் திரும்பத் திரும்பப் படித்து மண்டையை உடைத்துக்கொண்டதெல்லாம் மறைந்து, திரை முழுக்க வெள்ளையாகி, உச்சியில் ஒரே ஒரு வரி மிஞ்சியது. கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு அதைப் படித்தார்.

கப்பலில் ஒரு மருத்துவர் இருக்கிறாள்.