சனிக்கிழமை வகுப்பு

விடியலில்தான் மழை விட்டிருந்தது. புதூர்ப் பக்கமிருந்து வந்த வண்டிகளின் அடியில் கரிசல் மண் அப்பிக் கிடந்தது. அஃப்ஜல் தண்ணீர்க் குழாயைப் பிடிக்க, நான் தகட்டால் சுரண்டினேன். விரல்கள் மரத்துவிட்டன. நேற்று மதியத்திலிருந்து மனசும் அப்படித்தான் கிடக்கிறது.

கோவில்பட்டியில் பூவனநாதன் அண்ணாச்சியின் ஒர்க்‌ஷாப்புக்கு மெக்கானிக் வேலை பழக வந்தவர்கள் நாங்கள் மூன்று பேர். ஒரு வருஷமாகப் பழகியது வண்டி கழுவ மட்டும். சனிக்கிழமை வகுப்பு உண்டு. மூத்த மெக்கானிக் மாதவன் அண்ணன் வாத்தியாராக நிற்பார். அண்ணாச்சி பீரோவைத் திறந்து ரப்பர் கையுறை தருவார். போட்டோ எடுத்து, எங்கள் பயிற்சிக்குப் பணமும் முடிவில் சர்டிபிகேட்டும் தரும் கம்பெனிக்கு அனுப்பியதும் கையுறை பீரோவுக்குள் போய்விடும். அத்தோடு வகுப்பு முடிந்தது.

நேற்று ஒரு பேட்டரி ஆட்டோ வந்தது. "சாவிய எடுத்தாச்சுல்லா, இனி கரண்டு இருக்காது, பேட்டரிப் பெட்டியத் தொறலே" என்றார் மாதவன் அண்ணன். பெட்ரோல் வண்டியோடு காலம் தள்ளியவர் பேச்சு; பேட்டரிக்குள் கரண்டு அப்படியே இருந்தது. எங்களில் மூன்றாமவன் பாலகணேஷ் ஸ்பானரை வைத்தான். பளீரென்று ஒரு வெளிச்சம். உள்ளங்கை வெந்து பெரியாஸ்பத்திரியில் கிடக்கிறான். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கதைதான். எனக்கு அழுகைகூட வரவில்லை.

இன்று சனிக்கிழமை. அண்ணாச்சி கையுறையோடு வந்தார்.

"ஏலே அஃப்ஜல், போட்டோ எடுத்ததும் அந்த ஆட்டோவ நீ முடிச்சிரு."

"எனக்குத் தெரியாது அண்ணாச்சி. கையுறையாவது குடுங்க."

"போட்டுக் கிழிக்கவா? ஏட்டுச் சுரைக்கா கறிக்கு ஒதவாது. கையப் போட்டாத்தான்லே தொழில் வரும்."

"பாலகணேஷ் கையப் போட்டாம்லா அண்ணாச்சி" என்றேன். வேறு யாரோ பேசுவதுபோல் இருந்தது. "சொல்லிக் குடுக்க ஆள் வரட்டும். அதுவரைக்கும் ஆட்டோவத் தொடவும் மாட்டோம், போட்டோவுக்கு நிக்கவும் மாட்டோம்."

"ஏட்டி ஜெயப்பிரியா, சர்டிபிகேட் வேண்டாமா ஒனக்கு?"

வேண்டும். அது இல்லாவிட்டால் எனக்குத் தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கும் வேலைதான். பயந்தேன். ஆனாலும் அஃப்ஜல் பக்கத்தில் போய் நின்றேன்.

அண்ணாச்சி சிரித்தார். "மாதவா, வாத்தியார்தான நீ? சொல்லு இதுகளுக்கு."

மாதவன் அண்ணன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கே தெரியாது அண்ணாச்சி. எனக்கு யாரு சொல்லிக் குடுத்தா? தெரியாமத்தான் அந்தப் பையன் கையச் சுட்டுட்டேன்."

அவர் வந்து எங்களோடு நின்றார். "ஆளக் கூப்பிடுங்க. மூணு பேரும் சேந்து படிக்குதோம்."

போட்டோவுக்கென்று எடுத்திருந்த செல்போனை அண்ணாச்சி பைக்குள் போட்டார்.

"நாலு பேருண்ணே" என்றான் அஃப்ஜல். "பாலகணேஷயும் சேத்துச் சொல்லுங்க."