கைராசிக்காரி

விவசாயி பெருமாளின் நிலத்தில் நேற்றுக் கண்டதை ஜெயசீலி இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. சோயாச் செடிகளில் துரு நோய் வந்திருந்தது. ஈரக்காற்று அடிக்கிற மாதத்தில் அந்தப் பூஞ்சணம் வருவதில் ஆச்சரியமில்லை. வந்த இடம்தான் அவளைக் கலக்கியது. ஐந்தாவது செடி, பத்தாவது செடி, பதினைந்தாவது செடி. இடையில் நின்ற நான்கு நான்கும் பச்சைப்பசேலென்று இருந்தன.

ஐந்து செடிக்கு ஒன்று பார்ப்பது அவள் வழக்கம். ஆம்பூர்த் தோல் கம்பெனி ஒன்றில் பன்னிரண்டு வருஷம் தோல் தரம் பிரித்தவள். கண்ணில் படாத உண்ணிக்கடித் தழும்புகூட அவள் கட்டைவிரலுக்குத் தட்டுப்படும். விதைக் கம்பெனிக்காக வயல் பார்க்க வந்த பிறகும் அந்தக் கை மாறவில்லை. இலையைத் திருப்பி, அடிப்பக்கத்தை ஒரு தடவு தடவினால்தான் அவளுக்கு மனசு ஆறும்.

பத்து நாள் முன்பு கமலத்தின் நிலத்தைத் தடவிய கையோடு பெருமாள் நிலத்துக்குப் போனாள். அங்கிருந்து நேராக வள்ளியம்மாளின் அரை ஏக்கருக்கு. கமலத்தின் பயிரை இப்போது கொளுத்தியாகிவிட்டது. விதைப் பயிரில் ஒரு செடியில் துரு தெரிந்தாலும் மொத்தத்தையும் பிடுங்கிக் கொளுத்த வேண்டும் என்பது கம்பெனிச் சட்டம்.

இன்று பள்ளிகொண்டாவைத் தாண்டி வள்ளியம்மாள் நிலத்துக்கு வந்தவள், இரண்டு கைகளையும் துப்பட்டாவுக்குள் சுருட்டிக்கொண்டு வரப்பிலேயே நின்றாள். மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவியும் கட்டைவிரல் தன்னுடையதாகத் தோன்றவில்லை.

"இன்னா சீலி, அங்கயே நின்னுட்ட? கால்ல சேறு படும்னு பாக்குறியா மகாராணி?"

"உள்ள வர்லக்கா. நீயே இலையத் திருப்பிக் காட்டு."

"இது இன்னாடி புதுசா கீது? நீ தொட்டுட்டுப் போனப்புறம்தான் பூவே ஜாஸ்தி வெச்சிது. கைராசிக்காரி, வந்து தடவிட்டுப் போ."

"என் கைதான்க்கா நோயக் கொண்டாருது. பெருமாள் நெலத்துல நான் தொட்ட செடிக்கு மட்டும் வந்துருக்குது."

வள்ளியம்மாள் சிரித்தாள். "அப்படின்னா மொதல்ல உனக்கில்ல வரணும்?" என்றபடி எதிரே செடி வரிசைகளுக்கு நடுவிலிருந்த சாலில் இறங்கினாள்.

ஐந்தாவது செடியின் இலைகளைத் திருப்பினாள். பச்சை. பத்தாவதும் பச்சை. ஜெயசீலிக்குப் போன மூச்சு திரும்பி வந்தது. எல்லாம் தன் மனப்பிராந்திதான் என்று நினைக்க அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

"பாத்தியா? அன்னிக்கு நீ மோட்டார் கொட்டா பக்கமாத்தான வந்த? அங்கயும் பாத்துடறேன், உன் பேஜார் தீரட்டும்."

ஜெயசீலி அதை மறந்தே போயிருந்தாள். அன்று தூறலுக்கு அங்கே ஒதுங்கியவள் கொட்டாவை ஒட்டிய சாலிலிருந்துதான் தொடங்கினாள். ஒன்று, இரண்டு என்று அவள் மனசு எண்ணத் தொடங்கியது. ஐந்தாவது செடியிடம் வள்ளியம்மாள் குனிந்தாள். ஜெயசீலி செய்வதைப் பார்த்துப் பழகியபடியே கட்டைவிரலால் ஒரு தடவு தடவினாள்.

"இன்னாடி இது, மூக்குப்பொடியாட்டம் ஒட்டுது?"

உயர்த்திய விரல் செம்பழுப்பாக இருந்தது.

"அக்கா, நவுந்து வா! வேற எதையும் தொடாத!"

வள்ளியம்மாளின் காதில் அது ஏறியதாகத் தெரியவில்லை. முகம் சுண்டிப்போய், அதே விரலால் ஆறாவது செடியின் இலையைத் திருப்பித் தடவினாள். அடுத்ததை. அதற்கும் அடுத்ததை. ஒன்றைக்கூட விடாமல், எங்கேயாவது நோய் நின்றுவிடாதா என்று தேடுகிறவளாகச் சால் நெடுகப் போய்க்கொண்டிருந்தாள்.

வரப்பில் நின்ற ஜெயசீலியின் கட்டைவிரல், துப்பட்டாவுக்குள், அதே வேகத்தில் தானாக அசைந்துகொண்டிருந்தது.