வெறும் வயிற்றுச் சத்தியம்

இரத்தம் கொடுத்த அன்று காலை ஐந்தேமுக்கால் மணிக்குக் கருப்பன் இரண்டு மெதுவடையும் ஒரு டீயும் சாப்பிட்டிருந்தார். ஏழரை மணிக்கு, அடி அண்ணாமலையில் நடந்த ஆய்வு முகாமில், பன்னிரண்டு மணி நேரமாக எதுவும் உண்ணவில்லை என்ற வரிக்கு எதிரே கையெழுத்திட்டார். அருகில் மனைவி எல்லம்மாள் நின்றிருந்ததால் வேறு வழி இருக்கவில்லை. மூன்று மாதமாக அவருக்கு வயிற்றெரிச்சல். டீயையும் வடையையும் விட்டுவிட்டதாக அவளிடம் மலையைப் பார்த்துச் சத்தியம் செய்திருந்தார். பங்க்சர் கடைக்காரரான அவருக்குச் சத்தியத்தில் ஒரு சிறு ஓட்டை பெரிய விஷயமாகத் தோன்றவில்லை.

மூன்று வாரம் கழித்து, ஆய்வை நடத்திய மருத்துவமனை இருவரையும் வேங்கிக்காலுக்கு அழைத்தது. அறையின் சன்னலில் மலை முழுதாகத் தெரிந்தது. கருப்பன் அதற்கு முதுகு காட்டும் நாற்காலியைத் தேர்ந்து உட்கார்ந்தார்.

ஆய்வகத்தைச் சேர்ந்த அறிவுமதி தாளைத் திருப்பிக் காட்டினாள்.

"உடம்பு வேலை செய்யறப்ப ரத்தத்துல பொடிப்பொடியா நெறைய பொருள் மிஞ்சும். வயித்துல புத்துநோய் ஆரம்பிச்சா அதுல சிலது ஜாஸ்தியாகும், சிலது கம்மியாகும். அத வச்சு, யாருக்கு மொதல்ல வாய் வழியா குழாய் விட்டுப் பாக்கணும்னு சொல்ல முடியுமான்னுதான் இந்த ஆராய்ச்சி. உங்க ரத்தத்துக்கு வந்த நம்பர் நாங்க வச்ச எல்லைக் கோட்டுக்கு மேல இருக்குது. அதனால நோய்னு அர்த்தமில்லீங்க. பாத்துடணும், அவ்ளோதான்."

"கொழாய் எவ்ளோ நீளம்?" என்றார் கருப்பன்.

"வயித்துக்குப் போற அளவு. ஆனா ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு ஏதாவது சாப்ட்டிருந்தா இந்த நம்பர் செல்லாது. மறுபடி ரத்தம் எடுத்துப் பாத்துட்டு முடிவு பண்ணலாம்."

"இவரா?" என்றாள் எல்லம்மாள். "பச்சத் தண்ணி கூட பல்லுல படல பாப்பா. கடையப் பெருக்கிட்டு நேரா வந்தாரு."

குழாயிலிருந்து தப்பக் கருப்பனுக்கு ஒரே ஒரு வாக்கியம் போதும். அதை எல்லம்மாள் முன்னால் சொல்ல வேண்டும். அவர் மனத்துக்குள் குழாயையும் எல்லம்மாளையும் அடுத்தடுத்து நிறுத்திப் பார்த்தார். குழாய் சிறிது நேரத்தில் வெளியே வந்துவிடும்.

"எப்ப வரணும்?" என்றார்.

திங்கட்கிழமை குழாய் இறங்கியது. வயிற்றின் உட்சுவரில் சுண்டுவிரல் நகமளவு ஒரு திட்டு இருந்தது. துணுக்கை எடுத்துச் சோதித்ததில் அது புற்றுநோய்தான். ஆனால், மேல்படலத்தைத் தாண்டியிருக்கவில்லை. மருத்துவர் புகழேந்தி அடுத்த மாதம் குழாய் வழியாகவே அதைச் சீவி எடுத்தார். மிச்சம் எதுவும் இல்லை என்றார். எல்லம்மாள் எல்லோர் முன்னிலையிலும் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டாள். செரித்து இரண்டு மாதமான வடை அப்போதுதான் கருப்பனின் நெஞ்சில் நின்றது.

ஆய்வின் முழுப் பட்டியலையும் சரிபார்த்த அறிவுமதிக்குக் கருப்பனின் மாதிரியில் காஃபீனும் மிளகின் எச்சமும் தென்பட்டன, அப்போதுதான் உட்கொண்ட அளவில். ஆய்வு தொடங்கிய பின் அது கண்டுபிடித்த ஒரே நோயாளி அவர். பட்டியலிலிருந்து ஒரு பெயரை அடிக்கும் முன் உரியவரிடம் கேட்க வேண்டும் என்பது விதி. அவள் பங்க்சர் கடைக்குப் போனபோது எல்லம்மாளும் கஞ்சியோடு வந்திருந்தாள். கருப்பன் ஒரு டியூபைத் தண்ணீரில் அமுக்கி, குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, உங்க ரத்தத்துல டீ இருக்குது. மிளகும் இருக்குது."

சத்துணவுக் கூடத்தில் சமைப்பவள் எல்லம்மாள். "மிளகுன்னா மெதுவட," என்றாள். "எத்தினி?"

"ரெண்டு."

"நான் தெனமும் மோந்து பாத்தும் கண்டுபுடிக்க முடியல. மிஷினு கண்டுபுடிச்சிருக்குது. மலையப் பாத்து சத்தியம் பண்ணியேய்யா."

"அன்னிக்கு மலைய மேகம் மூடியிருந்துது."

அறிவுமதி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "பட்டியல்ல இருந்து உங்கள எடுத்தாகணும்ணா. நம்பர் நோயால ஏறிச்சா, வடையால ஏறிச்சான்னு இனிமே யாராலயும் சொல்ல முடியாது."

"நான் உண்மையச் சொல்லி, மறுபடி ரத்தம் எடுத்திருந்தா?"

"மேலயும் வந்திருக்கலாம், கீழயும் வந்திருக்கலாம். கீழ வந்திருந்தா குழாய் விட்டிருக்க மாட்டோம்."

எல்லம்மாள் கஞ்சியை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"குடி. பொய் சொன்னதுக்கு ராத்திரி வந்து வச்சிக்கிறேன். பொழச்சதுக்கு இப்ப குடி."

சிகிச்சைக்குப் பின் மாற்றம் உண்டா என்று பார்க்க அடுத்த மாதம் மீண்டும் இரத்தம் எடுத்தார்கள். முந்தைய இரவே எல்லம்மாள் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டிருந்தாள். எதுவும் உண்ணவில்லை என்ற வரிக்கு எதிரே கருப்பன் கையெழுத்திட்டதும் பேனாவை அவள் வாங்கிக்கொண்டாள். படிவத்தில் சாட்சிக்கு இடம் இல்லை. அறிவுமதி அளவுகோல் வைத்து ஒரு கோடு போட்டுக் கொடுத்தாள்.